கோலார் தங்கவயலும் பிரஷ் இல்லாத மோட்டாரும்

தொலைக்கட்டுப்பாட்டுக் கார்ப் பந்தயங்களில் ஓடும் சிறு கார்களுக்குள், உள்ளங்கையில் அடங்கும் மோட்டார் ஒன்று இருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் அது பெரும்பாலும் பிரஷ் இல்லாத மோட்டாராக மாறிவிட்டது. பந்தய ஆர்வலர் பலர் இதனை இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பாகவே கருதுகின்றனர். ஆனால் பிரஷ் இல்லாத மோட்டார் 1880களில் பிறந்தது. தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக வாழ்ந்த கோலார் தங்கவயலுக்கு, மும்முனை மின்சாரத்தின் துணையோடு 1902இலேயே அது வந்து சேர்ந்தது.

முதலில் பிரஷ் என்பது எது எனக் காண்போம். நேர்மின்சாரத்தில் ஓடும் பழைய வகை மோட்டாரில், சுழலும் பகுதிக்கு மின்சாரம் சென்றாக வேண்டும். சுழல்வதோடு கம்பியை நிலையாக இணைக்க முடியாது. ஆகவே கரித்துண்டுகள் இரண்டு, செம்புப் பட்டைகளாலான திசைமாற்றியின்மீது உரசிக்கொண்டே இருக்கும். அவற்றையே ஆங்கிலத்தில் பிரஷ் என்றனர். நம் பட்டறைகளில் ‘கார்பன்’ என்பர். உரசுவதால் அவை தேயும், பொறி பறக்கும், கரித்தூள் படியும். ஆனால் எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் செல்லவேண்டும் என்பதை முடிவுசெய்வதும் அந்த உரசலே. அதாவது, பிரஷ் உள்ள மோட்டார் தன் நேரத்தைத் தானே குறித்துக்கொள்கிறது.

அந்த உரசலை நீக்கும் வழியை இத்தாலியின் கலிலியோ பெராரிசும் அமெரிக்காவில் வாழ்ந்த நிக்கோலா டெஸ்லாவும் தனித்தனியே கண்டனர். டெஸ்லாவின் காப்புரிமைகள் 1888ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. வெளிச்சுற்றில் உள்ள சுருள்களுக்கு மாறுமின்சாரத்தை முறைவைத்துச் செலுத்தினால், காந்தப்புலமே சுழலும். உள்ளிருக்கும் சுற்றகம் அதனால் இழுக்கப்பட்டுத் தானும் சுழலும். சுற்றகத்திற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. 1889இல் மிகையீல் தொலிவோ-தொப்ரவோல்ஸ்கி இதனை மும்முனை மின்சாரத்திற்கு ஏற்ப வடிவமைத்தார். அணிலை ஓடவிடும் கூண்டைப் போன்ற தோற்றத்தால் அதன் சுற்றகத்திற்கு அணிற்கூண்டு என்றே பெயர் வந்தது. 1891இல் லாஃபனிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தொலைவு மும்முனை மின்சாரம் கடத்திக் காட்டப்பட்டது.

அடுத்த பதினோராம் ஆண்டில் அதே முறை காவிரிக்கரைக்கு வந்தது. மைசூர் அரசின் பொறியாளர் ஜோலி தெ லோட்பினியேர் திட்டத்தை வகுத்தார். திவான் சேஷாத்ரி ஐயர் அதனை முன்னெடுத்தார். 1901இல் காலமான திவான் அதன் நிறைவைக் காணவில்லை. 1902 ஜூன் 30 அன்று, சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து தங்கவயலை அடைந்தது. நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்தவை. மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தவை.

இதனை ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம் என்று எழுதுவது இன்றும் வழக்கமாக உள்ளது. அது பிழை. ஜப்பானின் கியோட்டோ நகரில் 1891இலும், டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் 1897இலும் நீர்மின் நிலையங்கள் இயங்கின. சிவசமுத்திரத்தின் சிறப்பு வேறு. நகர விளக்குகளுக்காக அல்லாமல், தொலைவிலுள்ள ஒரு தொழிலுக்காக, அதன் பொறிகளை ஓட்டுவதற்காகவே கட்டப்பட்ட பெருந்திட்டம் அது. பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தது 1905இல்தான். சுரங்கம் அதற்கு மூன்றாண்டு முந்திக்கொண்டது.

தங்கவயலின் குடியிருப்புகளுள் ஒன்றான கோரமண்டலின் பெயரும் இங்கே கருதத்தக்கது. சோழமண்டலம் என்ற தமிழ்ப்பெயர் ஐரோப்பியர் நாவில் திரிந்து கடற்கரைக்குப் பெயராயிற்று என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். திரிந்த அப்பெயரே உள்நாட்டுச் சுரங்க ஊருக்குச் சூட்டப்பட, வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழர் அதனைக் கோரமண்டல் என்றே திரும்பப் பெற்றனர். மின்சாரச் சொற்களின் வழி இதற்கு நேர்மாறானது. ஆங்கிலத்தின் ‘பேஸ்’ தமிழில் ‘முனை’ ஆயிற்று. இன்று உழவரும் கடைக்காரரும் மும்முனை மின்சாரம் என்பதை வேற்றுச்சொல்லாக உணர்வதே இல்லை.

தங்கவயலுக்கு வந்த மும்முனை மின்சாரம் நொடிக்கு 25 சுற்றுகளைக் கொண்டது. இன்றைய இந்திய மின்சாரத்தின் 50 சுற்றுகளில் இது பாதி. இந்த ஓர் எண்ணே மோட்டாரின் வேகத்தைக் கட்டிப்போட்டது. இரு காந்தமுனைகள் கொண்ட தூண்டல் மோட்டாரில் புலம் நிமிடத்திற்கு 1,500 முறை சுழலும். நான்கு முனையெனில் 750. ஆறு முனையெனில் 500. சுற்றகம் இந்த வேகத்திற்குச் சற்றே பின்தங்கி ஓடும். அந்தப் பின்னடைவுக்கு நழுவல் என்று பெயர். 750க்குப் பதிலாக 720 முறை சுழன்றால் நழுவல் 4 விழுக்காடு. சுமை கூடினால் நழுவலும் கூடும். ஆகவே நழுவலை அளப்பதே அன்றைய மோட்டார்ச் சோதனையின் உயிர்நாடி. சுமையின்றி ஓடவிட்டு ஒருமுறையும், சுற்றகத்தைப் பிடித்து நிறுத்தி ஒருமுறையும் மின்சாரத்தை அளந்து, மற்ற நிலைகளை வரைபடத்தால் கணிக்கும் முறையை ஜெர்மானியப் பொறியாளர் ஹேலாண்ட் 1894இல் தந்திருந்தார்.

சோதிக்க முடிந்தது, திருத்தத்தான் வழி குறைவு. தங்கக்கல்லைத் தூளாக்கும் இடிப்பான்கள் பொதுவாக நிமிடத்திற்கு நூறு முறை அளவில் விழுபவை. 500 சுற்று மோட்டாரை அந்தத் தாளத்திற்குக் கொண்டுவர வேண்டுமெனில், மோட்டாரைத் தொட்டுப் பயனில்லை. கப்பியின் விட்டத்தையும் வார்ப்பட்டையின் ஏற்பாட்டையும்தான் மாற்றவேண்டும். மின்னழுத்தம் குறைந்தாலும் இடர்தான். தூண்டல் மோட்டாரின் திருகுவிசை அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் திருகுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நெடுந்தொலைவுக் கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் சுரங்கத்திற்கு இது சிறு செய்தி அன்று.

சுரங்கத்தின் கூண்டை ஏற்றி இறக்குவது இன்னும் கடினமான பணி. முழுச்சுமையோடு அசைவற்ற நிலையிலிருந்து கிளம்பவேண்டும், இடையில் விரையவேண்டும், தளத்தருகே மெல்ல ஊர்ந்து நிற்கவேண்டும். ஆள் செல்லும் கூண்டு அது. ஒரே வேகத்தில் ஓட விரும்பும் அணிற்கூண்டு மோட்டார் இதற்கு ஒவ்வாது. எனவே உலகெங்கும் இத்தகைய பணிகளுக்கு, சுற்றகத்தில் வளையங்களைப் பொருத்தி, அவற்றின்மீது மீண்டும் பிரஷ்களை உரசவிட்டு, வெளியே மின்தடைகளைச் சேர்த்து வேகத்தை அடக்கினர். துரத்தப்பட்ட பிரஷ், வேகத்தை ஆளும் தேவையால் திரும்ப அழைக்கப்பட்டது.

பிரஷ் இல்லாத மோட்டார் தன் நேரத்தைத் தான் குறிப்பதில்லை. அது பிறரால் குறிக்கப்படுகிறது. தங்கவயலின் மோட்டார்களுக்கு அந்த நேரத்தைக் குறித்தவை சிவசமுத்திரத்தின் நீர்ச்சுழலிகள். அவற்றுக்குப் பின்னே இருந்தது காவிரி. கோடையில் ஆறு மெலிந்தால் சுரங்கத்தின் ஆற்றலும் மெலியும். 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் நோக்கங்களுள் ஒன்று, சிவசமுத்திரத்திற்கு ஆண்டு முழுதும் தண்ணீர் கிடைக்கச் செய்வதாகும். தங்கவயலின் மோட்டாரைச் சீராக ஓட்ட ஓர் ஆற்றையே சீரமைக்க வேண்டியிருந்தது என்றால் மிகையாகாது.

இந்தப் பூட்டைத் திறந்தது குறைக்கடத்தி. உரசும் பிரஷ் செய்த திசைமாற்றத்தை மின்னணுச் சாவிகளால் செய்யும் நேர்மின் இயந்திரத்தை வில்சன், டிரிக்கி இருவரும் 1962இல் விளக்கினர். 1980களின் முற்பகுதியில் நியோடிமியக் காந்தம் வந்தபின், சிறு உருவில் பெரும் ஆற்றல் கைகூடியது. பந்தயக் காரின் மோட்டாரிலும் வெளிச்சுற்றில் மூன்று சுருள்கூட்டங்கள், கட்டுப்படுத்தியிலிருந்து மூன்று கம்பிகள், அதுவும் மும்முனையே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சுற்றகக் காந்தம் இக்கணம் எந்தக் கோணத்தில் உள்ளது என்பதை ஹால் உணரிகள் தெரிவிக்கின்றன. அதைக் கேட்டே கட்டுப்படுத்தி அடுத்த சுருளுக்கு மின்சாரம் விடுகிறது. அன்று சுற்றகம் புலத்தைத் துரத்தியது. இன்று புலம் சுற்றகத்தைக் கேட்டு நகர்கிறது.

ஆகவே சோதனையும் மாறியது. வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதைக் ‘கேவி’ என்கின்றனர். 3,000 கேவி மோட்டார் 7.4 வோல்ட்டில் சுமையின்றி ஏறத்தாழ 22,000 சுற்றுகளைத் தொடும். இருமுனைக் காந்தமெனில் நொடிக்கு 370 மின்சுற்றுகள். சோதனைக் கருவியில் பூட்டி, சுற்றுவேகம், இழுக்கும் மின்சாரம், உணரிகளின் இடைவெளி ஒத்திருக்கிறதா என்பனவற்றைப் பார்ப்பர். பின்னர் உணரித் தட்டைச் சற்றே திருப்பி, மின்சாரம் முன்கூட்டியே பாயுமாறு செய்வர். அதனால் வேகம் ஏறும். கூடவே மின்சாரமும் வெப்பமும் ஏறும். வரம்பு மீறினால் காந்தம் வலுவிழக்கும். கட்டுப்பாடு மிகுந்த பிரிவுகளில் மோட்டாரின் சுருள் எண்ணிக்கையும் மின்கலமும் விதியால் நிலைநிறுத்தப்பட்டிருக்கும். அங்கே ஓட்டுநருக்கு எஞ்சுவன இந்தக் கோணமும் பற்சக்கர விகிதமுமே. கப்பியின் விட்டத்தை மாற்றிய சுரங்கப் பட்டறையும் பற்சக்கரத்தை மாற்றும் பந்தய மேசையும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன.

எனவே பிரஷ் இல்லாத மோட்டாரைப் புதுமை என்போர் பாதியளவே சரி. பிரஷ் நீங்கியது பழைய செய்தி. நேரத்தைக் குறிக்கும் பணி ஆற்றங்கரையிலிருந்து மோட்டாரின் அருகே வந்து சேர்ந்ததே புதிய செய்தி. இடைப்பட்ட காலத்தின் விலையைத் தங்கவயல் போன்ற ஊர்கள் செலுத்தின. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே தமிழர் இறங்கி உழைத்த அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அந்த முடிவும் மின்சாரத்தைப் போலவே ஊருக்கு வெளியிலிருந்து வந்தது. இறைக்கும் மோட்டார்கள் நின்றபின், நூறாண்டுக்கு மேலாக வெட்டப்பட்ட சுரங்கப் பாதைகளில் நீர் ஏறியது.