நாய்க்குட்டியின் "பிடிவாதம்": ஒரு சின்ன வரலாறு

புனேயில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் அதில் நாலைந்து வீடுகளில் நாய்க்குட்டி வந்தாச்சு. வந்த ஒரு மாதத்தில் எல்லா வீட்டிலும் ஒரே புலம்பல்: "ரொம்பப் பிடிவாதம் சார். கீழே கூட்டிட்டுப் போனா சும்மா நிக்குது. மேல வந்ததும் சோபாவுக்குப் பின்னாடி போயிடுது." இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியமும் ஒன்றுதான். மூக்கை அதிலேயே தேய், பேப்பரைச் சுருட்டி ரெண்டு போடு. ஒரு வீட்டில் அதற்கும் மசியவில்லை என்று ஐந்து மாதக் குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வீட்டுச் சின்னப் பெண் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஊரில் நமக்கு இந்தப் பிரச்னையே இருந்ததில்லை. அங்கே நாய் வாசலோடு சரி. திண்ணை ஓரத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ படுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் வராத நாய்க்கு வீட்டுப் பழக்கம் எதற்கு? ஆகவே நம் பெரியவர்களிடம் இதற்கு அனுபவம் கிடையாது. அப்படியானால் இந்த அடி உதை வைத்தியத்துக்கு இத்தனை மரியாதை எப்படி வந்தது? காமர்ஸ் படித்தவனுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். இருந்தாலும் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன் :-)

நாயை அடக்கிப் பழக்குவதை முறையான பாடமாக்கியவர்கள் போலீஸும் ராணுவமும்தான். ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்ற போலீஸ் அதிகாரி 1910-ல் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பாராட்டின் மதிப்பு அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் முள் பட்டையும் பிரம்பும் அவர் முறையில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு நாய்களைப் பழக்கிய வில்லியம் கோலர், பிறகு டிஸ்னி படங்களின் நாய்களையும் பழக்கினார். 1962-ல் வந்த அவர் புத்தகம் பிரமாதமாக விற்றது. தோட்டத்தில் குழி தோண்டும் நாயைத் திருத்த, அந்தக் குழியில் தண்ணீர் நிரப்பி அதன் தலையை அமுக்கச் சொன்ன புத்தகம் அது! காவல் நாய்க்கான பாடம் இப்படித்தான் வீட்டு வரவேற்பறைக்கு வந்தது.

அடுத்து ஓநாய்க் கதை. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947-ல், சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். கூட்டத்தில் தலைமைக்கு எப்போதும் சண்டை என்பது அவர் கண்டது. டேவிட் மெக் 1970-ல் எழுதிய 'தி உல்ஃப்' புத்தகம் இதைப் பரப்பியது. அதிலிருந்து பிறந்ததுதான் "நாய் நம் தலைமையைச் சோதிக்கிறது, விடாதே" என்ற உபதேசம். குட்டி தரையில் போனால்கூட அது கலகம்!

பிறகு அதே மெக் கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலங்கள் கூடவே இருந்து கவனித்தார். அது கூட்டமே இல்லை, அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரு குடும்பம். 1999-ல் கட்டுரை எழுதித் தன் பழைய கருத்தைத் தானே மறுத்தார். தம் பழைய புத்தகத்தை அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடமும் கேட்டுக்கொண்டார். உபதேசம் மட்டும் நம் லிஃப்ட் வரை வந்து சேர்ந்துவிட்டது.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. மனோதத்துவ நிபுணர் ஸ்கின்னர் 1951-ல் எழுதிய ஒரு கட்டுரையில், சரியான செயலைச் செய்த அந்தக் கணத்திலேயே பரிசு தரவேண்டும் என்று விளக்கினார். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், வரவை அதே தேதியில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் ஐந்து இன நாய்க்குட்டிகளைப் பல வருடம் ஆராய்ந்து 1965-ல் புத்தகம் போட்டார்கள். சுமார் மூன்று வாரத்திலேயே குட்டி படுக்கையை விட்டுத் தள்ளிப்போய் ஒதுங்கத் தொடங்குகிறது. எட்டு வார வாக்கில் அதற்கென்று ஓர் இடமும் பழகிவிடுகிறது. அதாவது சுத்தம் அதன் சுபாவத்திலேயே இருக்கிறது. இடம் எது என்பதைத்தான் நாம் காட்ட வேண்டும்.

"தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாருங்க" என்பார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இதைச் சோதித்தார். தப்பே செய்யாத நாயும் எஜமானர் திட்டினால் அதே முகத்தைத்தான் காட்டியது. அது குற்ற உணர்ச்சி இல்லை, நம் கோபத்துக்கான பதில்.

இப்போது அந்தச் சோபாக் கதை புரிகிறதா? அடி வாங்கிய குட்டி கற்றுக்கொண்டது "வீட்டுக்குள் கூடாது" என்பதை அல்ல. "மனுஷன் கண் முன்னே போனால் ஆபத்து" என்பதை. அதனால்தான் கீழே நாம் சங்கிலியைப் பிடித்து நிற்கும்போது அடக்கிக்கொள்கிறது, மேலே வந்ததும் மறைவு தேடுகிறது. தடுப்பூசி முடியும்வரை பால்கனியில் பேப்பர் மேல் பழகிய குட்டிக்கு மண்ணும் புல்லும் புதுசு என்பது இன்னொரு காரணம். இதில் பிடிவாதம் எங்கே இருக்கிறது?

செய்ய வேண்டியது ரொம்ப சாதாரணம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. பழகிய பேப்பரில் ஒரு துண்டைக் கீழேயும் போடலாம். போன உடனே, அங்கேயே ஏதாவது தின்னக் கொடுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் பேசாமல் துடையுங்கள். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், அதன் மூக்கை அல்ல. அந்த வாடையைச் சிதைக்கும் என்சைம் திரவம் கடையில் கிடைக்கிறது.

பகல் முழுக்க வீடு பூட்டியிருக்கும், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், மதியம் வந்து கூட்டிப்போக ஓர் ஆளை முதலில் ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு வழியில்லை என்றால் பிள்ளை எவ்வளவு அழுதாலும் இப்போதைக்குக் குட்டி வேண்டாம். வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.