குதிரையின் மூச்சே எல்லை

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயம் பற்றிய செய்தி, இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பந்தயத்திற்கெனப் பயிற்றுவித்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்து அல்லது ஆறு மைல் ஓடின. பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் மட்டுமே. இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டவர்தாம். குதிரையின் நிலையைப் பார்த்தே தூரம் வகுக்கப்பட்டது என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

இந்த எளிய நியதி பிற்காலத்தில் பலமுறை மறக்கப்பட்டது. 1892 அக்டோபரில் ஜெர்மானியப் படை அதிகாரிகள் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும், ஆஸ்திரிய-ஹங்கேரிய அதிகாரிகள் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கும் போட்டியிட்டு விரைந்தனர். ஏறத்தாழ 580 கிலோமீட்டர் தூரம். வென்ற ஸ்டார்ஹெம்பெர்க் பிரபு 71 மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டார். அவரைச் சுமந்து வந்த அதோஸ் என்னும் குதிரையோ பிழைக்கவில்லை. வேறு பல குதிரைகளும் மாண்டன. வயிறு முதுகோடு ஒட்டிய ஒட்டகம் ஒன்றைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், வாய்பேசாத இப்பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறும், அவை நல்ல நிலையில் இருக்கும்போதே ஏறிச் செல்லுமாறும் பணித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. அதைப் படித்த நமக்கு, பெர்லினில் நடந்ததை வெற்றி என்று சொல்ல நா எழவில்லை.

இன்றைய நெடுந்தூரக் குதிரையோட்டத்தின் தொடக்கமாகக் கருதப்படுவது 1955-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஓட்டம். வெண்டல் ரோபி என்பவரும் தோழர்களும் தாஹோ ஏரிப் பகுதியிலிருந்து ஆபர்ன் நகர் வரை, வெயில் கொதிக்கும் பள்ளத்தாக்குகள் வழியே 100 மைலை ஒரே நாளில் கடந்தனர். டெவிஸ் கோப்பை என வழங்கும் அப்போட்டியில் 1964 முதல் மற்றொரு பரிசும் உண்டு. முதலில் வந்த பத்துக் குதிரைகளில் எது மிக நல்ல உடல்நிலையில் இருக்கிறதோ, அதற்கே ஹாகின் கோப்பை.

சர்வதேசப் போட்டிகளில் பாதை பல சுற்றுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர் முன் குதிரை நிற்க வேண்டும். குறித்த நிமிடங்களுக்குள் அதன் இதயத் துடிப்பு 64-க்கு இறங்கியாக வேண்டும். தோலைக் கிள்ளி நீர்ச்சத்தைப் பார்ப்பார்கள்; குடலின் ஒலியைக் கேட்பார்கள்; நொண்டுகிறதா என்று ஓடவிட்டுப் பார்ப்பார்கள். தேறாத குதிரை அங்கேயே நிறுத்தப்படும். அதன்மேல் அமர்ந்திருப்பவர் அரசரானாலும் அதுவே விதி.

1998-இல் உலகப் போட்டி ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தது. அரபு இனக் குதிரைகளின் ஆற்றலில் நாம் பெருமை கொண்டது இயல்பே. ஆனால் சமதரையான மணற்பாதைகளில் வேகமே குறியாயிற்று. குதிரைகள் காயமுற்றன, சில இறந்தன. 2015 மார்ச்சில் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் அமீரகத்தின் சம்மேளனத்தையே தற்காலிகமாக இடைநீக்கம் செய்தது. இந்த விஷயத்தில் உலகுக்கு வழிகாட்டியிருக்க வேண்டிய சமூகம் நாம். அந்தச் செய்தியை வெட்கத்தோடுதான் நினைவுகூர்கிறோம். எனினும் மாற்றமும் அந்த மண்ணிலேயே எழுந்தது. அபுதாபியின் பூதீப் திடலில் ஷைக் சுல்தான் பின் ஸாயித் 2016-இல் கொண்டுவந்த விதிகளின்படி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றாயிற்று. இதயத் துடிப்பின் வரம்பும் 56 ஆகக் குறைக்கப்பட்டது.

வெயிலைவிடப் புழுக்கம் கொடியது. ஈரக்காற்றில் வியர்வை உலராது. உலராவிட்டால் உடல் குளிராது. காயலில் அரபுக் குதிரைகளை இறக்கிய வணிகர்களின் வழிவந்தவர்கள் நம்மிடையே உண்டு. இராவுத்தர் என்னும் பெயரே குதிரை வீரனைக் குறிப்பது. கடல் கடந்து வந்த அக்குதிரைகள் தமிழகத்தில் நெடுநாள் வாழவில்லை என்றும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையே காரணம் என்றும் மார்க்கோ போலோ எழுதினார். புழுக்கத்துக்கும் அதில் பங்கிருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே புழுக்கம் 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினாவில் மீண்டும் குதிரைகளை வாட்டியது. உலகக் குதிரையேற்ற விளையாட்டுகளின் நெடுந்தூர ஓட்டம் தொடக்கத்திலேயே குழம்பி, மீண்டும் தொடங்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட குதிரைகளுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. ஒரு குதிரை பின்னர் இறந்தது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து எல்லை மீறியதால் ஓட்டம் பாதியில் ரத்து செய்யப்பட்டது. அவ்வாண்டு அந்தப் பிரிவில் எவருக்கும் பதக்கம் இல்லை.