கேலரியில் அமர்ந்த விசுவாசி

நெசவாலைகளில் சனிக்கிழமை வேலை பிற்பகல் 2 மணிக்கு முடிந்துவிட வேண்டும் என்று 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பெண்களையும் இளம் தொழிலாளர்களையும் கருதி எழுதப்பட்ட விதி அது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால், நாளடைவில் ஆண்களுக்கும் அந்த அரைநாள் விடுப்பு கிடைத்தது. மறுநாள் ஞாயிறு, ஆராதனைக்கு உரியது. நடுவில் கிடைத்த சில மணி நேரத்தைத் தொழிலாளி எங்கே கழிப்பான் என்ற கேள்வி ஒவ்வொரு தொழில்நகரத்திலும் எழுந்தது. மதுக்கடை தன் கதவைத் திறந்தே வைத்திருந்தது. ஆலயங்கள் அதற்கு மாற்றாகக் கால்பந்தை எடுத்தன. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இன்று உலகம் அறிந்த பல கிளப்புகள் இப்படித்தான் ஞாயிறு பள்ளியிலும் வேதபாட வகுப்பிலும் ஆலய மண்டபத்திலும் பிறந்தன. ஆனால் அந்த ஆலயங்கள் மனத்தில் வைத்திருந்தது ஆட்டக்காரனை மட்டுமே. ரசிகன் யாருடைய திட்டத்திலும் இல்லை. அவன் தானாக வந்தான், லட்சக்கணக்கில் வந்தான். ஆடுபவனுக்கு விரிவாக ஒழுக்கம் சொன்ன கிறிஸ்தவம், பார்ப்பவனுக்கு எச்சரிக்கைக்கு மேல் அதிகம் சொல்லவில்லை. விசுவாசமும் விளையாட்டுப் பற்றும் ஒரே நெஞ்சில் இருக்கலாமா என்று இன்றும் பலரை உறுத்தும் கேள்விக்கு வேர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் வாதம். அதை நிரப்பத் தேவையான விடையும் இதே வரலாற்றுக்குள் கிடைக்கிறது.

லிவர்பூல் நகரில் செயின்ட் டொமிங்கோ என்ற மெதடிஸ்ட் ஆலயம் இருந்தது. அங்கே கோடையில் கிரிக்கெட் ஆடிவந்த இளைஞர்கள், குளிர்காலத்திலும் உடல் தளராமல் இருக்க 1878இல் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அது எவர்டன் என்று பெயர் மாறியது. 1892இல் மைதான வாடகையில் தொடங்கிய பூசலால் எவர்டன் ஆன்ஃபீல்டை விட்டு வெளியேறியது. காலியான மைதானத்தில் அதன் உரிமையாளரான மதுபான ஆலை அதிபர் ஜான் ஹோல்டிங் தொடங்கிய அணியே லிவர்பூல். ஆக, இன்று எதிரெதிராக நிற்கும் இரண்டு பெரும் ரசிகர் கூட்டங்களும் ஒரு சிற்றாலயத்தின் கிரிக்கெட் பையன்களிடம் போய்ச் சேர்கின்றன. மான்செஸ்டரின் வெஸ்ட் கார்ட்டனில் வேலையின்மையும் தெருச் சண்டையும் மலிந்திருந்த காலத்தில், செயின்ட் மார்க்ஸ் ஆலயத்தார் 1880இல் ஓர் அணியை அமைத்தார்கள். குருவானவர் ஆர்தர் கானலின் மகள் அன்னா அங்கே ஆண்களுக்காகக் கூட்டங்கள் நடத்திவந்தார். அந்த அணியே மான்செஸ்டர் சிட்டியாக வளர்ந்தது. பர்மிங்ஹாமில் வெஸ்லியன் ஆலயத்து இளைஞர்கள் 1874இல் ஆஸ்டன் வில்லாவைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் ஆட்டம் ஒரு ரக்பி அணியோடு நடந்தது. முதல் பாதியை ரக்பி விதிப்படியும் மறுபாதியைக் கால்பந்து விதிப்படியும் ஆடினார்கள். சவுத்தாம்ப்டன் அணியைப் புனிதர்கள் என்று அழைப்பதற்குக் காரணம், 1885இல் செயின்ட் மேரீஸ் ஆலயத்து இளைஞர் சங்கம் அதைத் தொடங்கியதுதான்.

இந்த முயற்சிகளுக்குப் பின்னால் ஒரு சிந்தனை இருந்தது. சார்லஸ் கிங்ஸ்லி, தாமஸ் ஹியூஸ் போன்ற எழுத்தாளர்கள் பரப்பிய கருத்து அது: திடமான உடல், நேர்மையான ஆட்டம், தோல்வியைத் தாங்கும் மனம் ஆகியவை கிறிஸ்தவ குணத்தை வளர்க்கும். அதற்கு வேத ஆதாரம் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பவுல் கொரிந்தியருக்கும் பிலிப்பியருக்கும் எழுதிய நிருபங்களில் பந்தயத்தில் ஓடுகிறவனும் பரிசும் வருகின்றன. ஆனால் அந்தப் பகுதிகளைக் கவனித்துப் படித்தால் ஒன்று புலப்படும். விசுவாசிக்கு முன்மாதிரி ஓடுகிறவன். அரங்கில் உட்கார்ந்து அவனைப் பார்ப்பவனுக்கு அங்கே வேலை இல்லை.

பார்ப்பவனைப் பற்றித் திருச்சபையின் முன்னோர் பேசியபோது குரல் கடுமையானது. 2ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்த தெர்த்துல்லியன், பொதுக் காட்சிகளுக்குக் கிறிஸ்தவர் போகவே கூடாது என்று தனி நூல் எழுதினார். அகுஸ்தீன் தம் தன்வரலாற்றில் நண்பன் அலிப்பியுஸின் கதையைச் சொல்கிறார். வாள்வீரர் சண்டையை வெறுத்த அவரை நண்பர்கள் ரோமாபுரியின் அரங்குக்கு இழுத்துப்போகிறார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்கிறார். கூட்டம் ஒரே குரலில் ஆர்ப்பரிக்கிறது. என்னவென்று பார்க்கக் கண்ணைத் திறக்கிறார். அவ்வளவுதான், இரத்தத்தில் பார்வை பதிந்துவிடுகிறது. ரசிகனைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடக் கூர்மையான பகுதி அரிது. கண்ணுக்குக் கதவு போட்ட மனிதன் காதுக்குப் போட மறந்துபோனான். 532இல் கான்ஸ்டான்டினோப்பிளில் நடந்தது இன்னும் கொடியது. தேர்ப்பந்தய ரசிகர்களான நீலக் கட்சியும் பச்சைக் கட்சியும் பேரரசருக்கு எதிராகக் கிளம்பிய கலகத்தில் ஹாகியா சோபியா பேராலயமே எரிந்து போனது. கலகத்தை அடக்கியபோது பந்தய அரங்கில் ஏறத்தாழ 30,000 பேர் கொல்லப்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ் எழுதுகிறார். அந்தக் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். தங்கள் நகரத்தின் தலையாய ஆலயத்துக்கே தீ வைத்தவர்கள். ஆகவே முன்னோரின் அச்சத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது.

விக்டோரியா காலத்துக் குருமார் இந்த எச்சரிக்கையை மறந்ததற்குக் காரணம் எளியது. அவர்கள் கண்முன் கூட்டம் இல்லை. பதினோரு பையன்களும் ஒரு புல்வெளியும்தான் இருந்தன. கூட்டம் வந்தபோது கட்டுப்பாடு அவர்கள் கையைவிட்டுப் போயிருந்தது. போல்டன் நகரின் கிறைஸ்ட் சர்ச் அணி 1874இல் தொடங்கி, ஆலயக் கட்டடத்தைப் பயன்படுத்துவதில் குருவானவர் விதித்த கட்டுப்பாடுகள் பிடிக்காமல் 1877இலேயே பிரிந்துபோய் போல்டன் வாண்டரர்ஸ் ஆனது. 1885இல் சம்பளம் வாங்கி ஆடுவது சட்டப்படி ஏற்கப்பட்டது. 1888இல் லீக் வந்தது. அதன்பின் கிளப்பைத் தாங்கியது நுழைவுக்கட்டணம், அதாவது ரசிகனின் காசு.

இந்த மாற்றத்தின் நன்மையும் தீமையும் ஒருசேரத் தெரியும் இடம் கிளாஸ்கோ. அயர்லாந்துப் பஞ்சத்துக்குப் பின் குடியேறிய கத்தோலிக்க ஏழைகள் நிறைந்த நகரத்தின் கிழக்குப் பகுதியில், மாரிஸ்ட் சபைத் துறவி பிரதர் வால்ஃப்ரிட் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். பசியோடு வரும் பிள்ளைகளுக்கு ஒரு பென்னிக்கு வயிறாரச் சாப்பாடு போடும் ஏற்பாட்டை அவர் செய்திருந்தார். வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்தால் அரை பென்னிக்கு ஒரு பெரிய கிண்ணம் சூப். ஒன்றும் கொடுக்க முடியாத பிள்ளைக்கு இலவசம். இந்தச் சாப்பாட்டு மேசைகளுக்குப் பணம் திரட்டவே 1887 நவம்பரில் செயின்ட் மேரீஸ் ஆலய மண்டபத்தில் கூடி செல்டிக் கிளப்பைத் தொடங்கினார்கள். 1888 மே 28இல் முதல் ஆட்டம், அதே நகரத்தின் ரேஞ்சர்ஸுக்கு எதிராக; 5–2 என்று வெற்றி. ரசிகன் கொடுத்த நுழைவுக்காசு ஒரு பிள்ளையின் கிண்ணத்தில் சூப்பாக விழுந்தது. 1892இல் வால்ஃப்ரிட் லண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897இல் கிளப் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகிப் பங்குதாரர்களுக்கு ஆதாயம் தரத் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகள் கணக்கில் பின்னுக்குப் போனார்கள். மறுபக்கம், கத்தோலிக்கர் என்று தெரிந்தவரை அணியில் எடுப்பதில்லை என்ற எழுதாத வழக்கத்தைப் புராட்டஸ்டண்டுகளின் ஆதரவு பெற்ற ரேஞ்சர்ஸ் பல பத்தாண்டுகள் கடைப்பிடித்தது; 1989இல் மோ ஜான்ஸ்டனை எடுத்தபோதுதான் அது வெளிப்படையாக உடைந்தது. கிறிஸ்துவின் பெயர் சொல்லும் இரு கூட்டங்கள் ஒருவரையொருவர் தூற்ற, கேலரி வசதியான இடமானது.

இங்கே வரும் முதல் மறுப்பு வலுவானது. நேரம், பணம், கண்ணீர், பாட்டு, யாத்திரை என்று கடவுளுக்குரியதெல்லாம் கிளப்புக்குப் போனால் அது விக்கிரக வழிபாடு இல்லையா என்று கேட்கிறார்கள். சில நெஞ்சங்களில் அது உண்மைதான். ஆனால் இதே அளவுகோலை வைத்தால் குடும்பம், தேசம், மொழி, ஏன் சபையும்கூட விக்கிரகமாக முடியும். அதற்காக அவற்றை நேசிக்காதே என்று எந்த மறையுரையாளரும் சொல்வதில்லை. அந்த நேசத்தை அதற்குரிய இடத்தில் வை என்கிறார்கள். அகுஸ்தீனின் போதனையின் சாரமும் அதுவே. ஆக, விளையாட்டை எவ்வளவு நேசிக்கலாம் என்று அளந்துகொண்டிருப்பதால் பயனில்லை. இந்த நேசம் பிறனை என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். எதிரணிச் சட்டை போட்டவனை மனிதனாகப் பார்க்கவிடாமல் அது தடுத்தால், கான்ஸ்டான்டினோப்பிளின் தீ அங்கே தொடங்கிவிட்டது. பக்கத்தில் நிற்கும் பெயர் தெரியாதவனின் துக்கத்தை நம்முடையதாக்கினால், ஆலயம் கற்பிக்க முயன்ற ஒன்றை அது செய்கிறது.

இரண்டாவது மறுப்பு ஓய்வுநாளைப் பற்றியது. பிரிட்டனில் இது நீண்ட போராட்டம். ஞாயிறு ஆட்டங்கள் மீதான தடையைக் கால்பந்துச் சங்கம் 1960இல்தான் தளர்த்தியது. 1974 ஜனவரியில் மின்தட்டுப்பாட்டால் எஃப்ஏ கோப்பை ஆட்டங்கள் முதன்முறையாக ஞாயிறன்று நடந்தன. அந்நாளில் நுழைவுக்கட்டணம் வாங்க 18ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நின்றதால், அனுமதி இலவசம் என்று சொல்லி ஆட்டவிவரத் தாளை விலைக்கு விற்றார்கள். இந்தச் சமாளிப்புக்கு நேர்மாறாக நிற்பவர் எரிக் லிடல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதி ஓட்டம் ஞாயிறன்று விழுந்ததால் அதை விட்டுவிட்டு, 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வென்றார். அந்தக் கதையைச் சொல்பவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். சீனாவில் மறைப்பணி செய்த அவர், போர்க்காலத்தில் வெய்ஷியன் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே ஞாயிறன்று பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடப்போய் அது சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடல் தாமே நடுவராக இறங்கினார். தன் பரிசுக்காக வளைக்காத விதியைப் பிள்ளைகளின் சமாதானத்துக்காக வளைத்தார். 1945 பிப்ரவரியில் அதே முகாமில் இறந்தார். ஓய்வுநாளைப் பற்றி ரசிகனுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை: உன் இன்பத்துக்காக என்றால் விட்டுக்கொடு, பிறனுக்காக என்றால் இறங்கிப் போ.

மூன்றாவது மறுப்பு ஜெபத்தைப் பற்றியது. தன் அணி ஜெயிக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்பது அற்பத்தனம் என்பார்கள். எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் அதையே கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மன்றாட்டுக்குப் பொருளில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மைதானத்தின் ஜெபம் எல்லாமே வெற்றிக்கானது இல்லை. 1927இல் கார்டிஃப் சிட்டியும் ஆர்சனலும் மோதிய எஃப்ஏ கோப்பை இறுதியாட்டம் முதல், வெம்ப்ளியில் ஆட்டத்துக்குமுன் ‘அபைட் வித் மீ’ என்ற ஞானப்பாட்டைப் பாடுவது மரபு. ஹென்றி ஃபிரான்சிஸ் லைட் என்ற குருவானவர் தம் இறுதி நாள்களில் எழுதியது. சாவு நெருங்கும்போது கடவுளின் துணையைக் கேட்பது. கோலுக்கோ கோப்பைக்கோ அதில் இடமே இல்லை. இரண்டு பக்கத்தாரும் ஒன்றாகப் பாடக்கூடிய ஜெபம் அது.

அந்தப் பாட்டின் பொருள் முழுமையாகத் தெரிந்த ஆண்டு 1989. ஏப்ரல் 15இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் மாண்டார்கள். ஒரு வாரம் கழித்து, எவர்டனின் குடிசன் பார்க்கிலிருந்து ஆன்ஃபீல்டுவரை, இடையிலுள்ள பூங்காவின் குறுக்கே, சிவப்பும் நீலமுமாகக் கழுத்துத் துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து நீளமாகக் கட்டினார்கள். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் கிளாஸ்கோவைப்போலவே தெருவில் மோதிக்கொண்ட பழைய வரலாறு லிவர்பூல் நகரத்துக்கும் உண்டு. ஆனால் அப்போது கத்தோலிக்கப் பேராயர் டெரெக் வொர்லாக்கும் ஆங்கிலிக்கன் ஆயர் டேவிட் ஷெப்பர்டும் நெடுங்காலமாகத் தோளோடு தோள் நின்று ஊழியம் செய்துவந்தார்கள். ஷெப்பர்ட் இங்கிலாந்துக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 2015இல் இரு கிளப்புகளின் ரசிகர்களும் சேர்ந்து, ஆட்ட நாள்களில் மைதானத்துக்கு வெளியே ஏழைகளுக்கான உணவுப்பொருள் திரட்டத் தொடங்கினார்கள். வால்ஃப்ரிட்டின் சூப் கிண்ணத்தை நிர்வாகம் மறந்தாலும், அதை ரசிகனால் மீட்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

இந்த மரபின் ஒரு கிளை நம்மிடமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலிக்கன் மறைப்பணியில் உருவான பரி. யோவான் கல்லூரியும் மெதடிஸ்ட் மறைப்பணியில் உருவான மத்திய கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் போட்டியை ‘வடக்கின் பெரும் சமர்’ என்கிறார்கள். இரண்டு சபைகளின் பள்ளிகளுக்கு இடையே தொடங்கிய போட்டியை இன்று இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இரு பக்கத்திலும் கலந்து நின்று ஆதரிக்கிறார்கள். சபைப் பிரிவை ஆட்டம் கூர்மையாக்கியே தீரும் என்ற விதி எதுவும் இல்லை, கரைக்கவும் செய்யும்.

எனவே விசுவாசி கேலரியைவிட்டு ஓட வேண்டியதில்லை. அலிப்பியுஸைப்போலக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வதிலும் பயனில்லை. கண்ணைத் திறந்து, எதிர்ப்பக்கம் இருப்பவன் முகத்தையும் மைதானத்துக்கு வெளியே பசித்திருப்பவன் முகத்தையும் பார்ப்பதே அவன் கடமை. இது இயல்பாக வந்துவிடாது, கற்பிக்க வேண்டும். நேர்மையாக ஆடு என்று 150 ஆண்டுகளுக்குமுன் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த திருச்சபை, நேர்மையாக ஆதரி என்று ரசிகனுக்கும் சொல்லிக்கொடுக்கக் கடன்பட்டிருக்கிறது. அவன் ஞாயிறன்று பீடத்தின் முன் அமர்ந்திருக்கிறான். சனிக்கிழமை எங்கே இருந்தான், யாரை ஏசினான், யாருக்குக் கை கொடுத்தான் என்பதும் ஆன்மிகக் கேள்வி என்று மறையுரைகள் பேச ஆரம்பிக்க வேண்டும்.