கொள்ளையன் திருப்பிக் கொடுத்த பை



றொசல்லையிலிருந்து ஹட்டனுக்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளிடம் இன்று குறிப்புகளுக்குக் குறைவில்லை. கரும்பலகையில் எழுதப்பட்டதைக் கைபேசியில் படம்பிடிக்கிறார்கள்; நண்பனின் கொப்பியைப் பிரதி எடுக்கிறார்கள். ஆனால் நேற்றைய பாடம் என்னவென்று வினவினால், "கொப்பியில் இருக்கிறது" என்பதே விடையாக வருகிறது. இதே விடையைச் சொல்லி நாணமுற்ற ஒரு மாணவரின் வரலாற்றைக் கேளுங்கள்.

அவர் இன்றைய ஈரானிலுள்ள தூஸ் நகரில் 1058இல் பிறந்தவர். ஜுர்ஜான் நகருக்குச் சென்று கல்வி கற்று, கேட்டவற்றையெல்லாம் எழுதிப் பையில் இட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். வழியில் கொள்ளையர் அனைத்தையும் பறித்தனர். உயிரையும் பொருட்படுத்தாது அவர்களைப் பின்தொடர்ந்த அம்மாணவர், மற்றவற்றை வைத்துக்கொள்ளுங்கள், என் குறிப்புகளை மட்டும் தாருங்கள், அதற்காகவே ஊரைவிட்டுச் சென்றேன் என்று மன்றாடினார். கொள்ளைத் தலைவன் சிரித்தான். ஒரு பையைப் பறித்ததும் உன் அறிவு போய்விடுமாயின் நீ என்னதான் கற்றாய் என்று கேட்டுவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தான். அவர் தூஸ் திரும்பி மூன்று ஆண்டுகள் உழைத்து அக்குறிப்புகள் முழுவதையும் மனனம் செய்தார். 1091இல் பக்தாத் நிழாமிய்யாவின் பேராசிரியராக அமர்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே அம்மாணவர். இமாம் ஸுப்கீ (ரஹ்) இதனைப் பதிவு செய்துள்ளார்கள். கொள்ளையனின் வாயிலிருந்தும் அல்லாஹ் பாடம் புகட்டுவான் போலும்!

அப்படியாயின் எழுதவே வேண்டாம் என்று எவரும் முடிவு செய்துவிடாதீர்கள். ஹதீஸ் மனனத்தில் பெயர்பெற்ற அபூஹுரைரா (ரழி) அவர்களே, அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) தம்மைவிட அதிக ஹதீஸ்களை உடையவர் என்றும், அவர் எழுதினார், தாம் எழுதவில்லை என்றும் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அபூஹுரைராவின் மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ் (ரஹ்) தம் ஆசிரியரிடம் கேட்ட ஏறத்தாழ 138 ஹதீஸ்களை எழுதி வைத்தார். பெர்லினிலும் டமஸ்கஸிலும் இருந்த அந்த ஏட்டின் பிரதிகளைக் கொண்டு, கலாநிதி முஹம்மத் ஹமீதுல்லாஹ் 1953இல் பதிப்பித்தார். ஒரு மாணவரின் பாடக்குறிப்பு பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது!

இனி, மீட்டும் முறை. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்கென்றே நூல் எழுதிய இமாம் ஸர்னூஜி (ரஹ்), நேற்றைய பாடத்தை ஐந்து முறையும், அதற்கு முந்தியதை நான்கு முறையும், பின்னர் மூன்று, இரண்டு, ஒன்று எனவும் மீட்டச் சொன்னார்கள். ஜெர்மனிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் தம்மீதே சோதனை செய்து, கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே மறந்துபோவதையும், ஒரே மூச்சில் படிப்பதைவிட நாட்களில் பகிர்ந்து மீட்டுவதே பயன் தருவதையும் 1885இல் வெளியிட்டார். பரீட்சைக்கு முந்திய இரவு முழுவதும் விழித்திருக்கும் தம்பிமார் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

பெற்றோர்களே! "எங்களுக்குப் படிப்பில்லையே, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். ஹிப்ழு மத்ரஸாவில் உஸ்தாத் செய்வதை நீங்களும் வீட்டில் செய்யலாம். மஃரிபுக்குப் பின் பிள்ளையை அருகில் அமர்த்தி, கொப்பியை மூடி உங்கள் மடியில் வைத்துக்கொண்டு, இன்று கற்றதைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை தடுமாறும் இடத்தை அறிய உங்களுக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் மட்டும் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். பார்த்ததும் மீண்டும் மூடிவிடுங்கள்.