செய்மதிக் கண்ணும் சப்ரகமுவ மலைச்சரிவும்: வங்கக் கடற் சூறாவளிகளின் தீவிரத்தைக் கணித்த வரலாறு

வங்காள விரிகுடாவில் உருவாகும் சூறாவளி எவ்வளவு விரைவாக வலுப்பெறுகிறது என்பதைச் செய்மதிப் படங்களைக் கொண்டு கணிக்கும் முறை, கடந்த அறுபது ஆண்டுகளில் படிப்படியாக வளர்ந்து, தெற்காசியக் கரையோர மக்களின் உயிர்காப்புக்கு அடிப்படையாகியுள்ளது. ஆயினும் கரையோரத்துக்குக் கிட்டிய இப்பயன், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் சரிவுகளில் இறப்பரும் தேயிலையும் விளையும் சப்ரகமுவ தோட்டங்களுக்கு அதே அளவில் கிட்டவில்லை. அளவீட்டு முறை எதை அளக்கவென்று உருவாக்கப்பட்டதோ, அதிலேயே இந்த இடைவெளியின் காரணம் அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

படத்திலிருந்து அளவீட்டுக்கு

1960 ஏப்ரல் 1ஆம் திகதி ஐக்கிய அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1, வானிலைக்கென அமைந்த முதலாவது வெற்றிகரமான செய்மதியாகும். அதற்கு முன்னர், நடுக்கடலில் சுழலும் சூறாவளியைப் பற்றிய செய்தி, அதன் வழியில் அகப்பட்ட கப்பல்கள் அனுப்பும் அறிக்கைகளிலிருந்தும் கரையோர நிலையங்களின் அழுத்தமானிகளிலிருந்துமே பெறப்பட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து வட இலங்கையையும் தாக்கிய சூறாவளியும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும் வந்த காலத்தில், இந்து சமுத்திரத்தை இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும் செய்மதி எதுவும் இருக்கவில்லை. துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றிவரும் செய்மதி ஓரிடத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ இரு முறையே கடந்து செல்வதால், இரு படங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் சூறாவளி அடைந்த மாற்றம் கணிப்பாளரின் ஊகத்துக்கே விடப்பட்டிருந்தது.

படத்தை அளவீடாக மாற்றியவர் அமெரிக்க வானிலையாளர் வெர்னன் டுவோராக் ஆவார். மேகப் பட்டைகள் மையத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வளைந்துள்ளன, நடுவே அடர்ந்த மேகத்திரள் அமைந்துள்ளதா, அதனுள் கண் எனப்படும் தெளிந்த வட்டம் தோன்றியுள்ளதா என்பவற்றை ஒழுங்காக ஆராய்ந்து, 1 முதல் 8 வரையான ‘டி எண்’ ஒன்றை வழங்கும் முறையை அவர் 1975இல் வெளியிட்டார். டி எண் 2.5 ஆகும்போது காற்றின் வேகம் ஏறத்தாழ 35 நொட் எனவும், 4 ஆகும்போது 65 நொட் எனவும் கொள்ளப்படும். ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றராகும். 1984இல் அவர் விரிவுபடுத்திய வடிவம், வெப்பத்தை உணரும் அகச்சிவப்புப் படங்களையும் பயன்படுத்தியமையால் இரவிலும் கணிப்பது எளிதாயிற்று. மையத்தைச் சூழ்ந்த மேக உச்சி எவ்வளவு குளிர்ந்தும், கண் எவ்வளவு வெம்மையாகவும் இருக்கின்றனவோ, சூறாவளி அவ்வளவு வலியது என்பதே அதன் அடிப்படை விதியாகும்.

பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்து ஓரிடத்திலேயே நிற்பதுபோல் இயங்கும் புவிநிலைச் செய்மதிகள் இம்முறைக்குத் தொடர்ச்சியான படங்களை வழங்கின. இந்தியாவின் செய்மதிகளான, 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி, 2002இல் ஏவப்பட்ட கல்பனா-1, 2013இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி ஆகியவை வங்கக் கடலை இக்கண்காணிப்புக்குள் கொண்டுவந்தன. 2015இல் பணிக்கு வந்த ஜப்பானின் ஹிமவாரி-8, பத்து நிமிடங்களுக்கு ஒரு படம் அனுப்பியது. இவ்வளர்ச்சியின் தேவையை 2017 நவம்பர் இறுதியில் உருவான ஒக்கி தெளிவாக உணர்த்தியது. நவம்பர் 29இல் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழமுக்கமாக இருந்த அது, மறுநாளே சூறாவளியாக வலுப்பெற்று, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மீனவர் பலரின் உயிரைப் பறித்தது.

மூன்று மே மாதங்கள்

சப்ரகமுவ தோட்டங்களின் பேரழிவுகளை இவ்வளவுகோலால் பார்க்கும்போது முரண் ஒன்று வெளிப்படுகிறது. 2003 மே மாதத்தில் வங்கக் கடலில் கடும் சூறாவளி ஒன்று உருவாகி, வலிமையின் உச்சத்தைக் கடந்து மியன்மாரை நோக்கி விலகிச் சென்றுகொண்டிருந்தபோதே, 17ஆம் திகதி இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கியது. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர்; புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் மண்ணுள் புதைந்தன. அம்மழையைக் கொண்டுவந்த தாழமுக்கத்துக்கு அன்று ரோனு என்ற பெயர்கூட இருக்கவில்லை. அது இரு நாள்கள் கழித்தே சூறாவளியாகிப் பெயர் பெற்றது. 2017இல் மே 25, 26ஆம் திகதிகளில் பெய்த பெருமழை கலவான, அயகம முதலிய பகுதிகளைத் தாக்கியது. நாடு முழுவதும் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மோரா சூறாவளிக்கு வித்தான தாழமுக்கமோ அதன் பின்னரே சூறாவளியாக வலுப்பெற்றது.

ஆகவே, சூறாவளி பிறப்பதற்கு முன்னரும், உருவாகும் வேளையிலும், விலகிச் செல்லும் வேளையிலும் அழிவு நேர்ந்துள்ளதேயன்றி, சூறாவளியின் மையம் நேரடியாகத் தாக்கியதால் நேரவில்லை. தென்மேல் பருவக்காற்றுத் தொடங்கும் மே மாதத்தில் வங்கக் கடலில் அமையும் தாழமுக்கம், தன் தென்புறத்தில் வீசும் மேற்குக் காற்றை வலுப்படுத்துகிறது. சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவரும் அக்காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலும் இறக்குவானை மலைத்தொடரிலும் மோதி மேலெழுந்து, பல நாள்கள் ஓயாத மழையாகக் கொட்டுகிறது. மையத்தின் வலிமையை அளக்கும் டி எண்ணில், அதிலிருந்து பல நூறு கிலோமீற்றர் தள்ளி நடக்கும் இந்நிகழ்வு பதிவாவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையையே நேரடியாகத் தாக்கிய டித்வாவும், காற்றின் வேகத்தைப் பொறுத்தவரை சூறாவளிப் படிநிலையின் கீழ்ப்படியிலேயே இருந்தும், வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

குளிர்ந்த மேகமும் மலை மழையும்

மழையை நேரடியாகக் காணும் முயற்சி, 1997 நவம்பரில் ஏவப்பட்ட அமெரிக்க–ஜப்பானியச் செய்மதியான டிஆர்எம்எம் மூலமும், 2014இல் அதனைத் தொடர்ந்த ஜிபிஎம் மூலமும் புதிய கட்டத்தை அடைந்தது. மேகத்தை ஊடுருவும் நுண்ணலைகளும் செய்மதியிலேயே பொருத்தப்பட்ட ராடாரும், மேகத்துள் நிகழும் மழையைக் காட்டின. இவற்றோடு பிற செய்மதித் தரவுகளையும் இணைத்து, அரைமணிக்கு ஒருமுறை, ஏறத்தாழ 10 கிலோமீற்றர் சதுரங்களாக மழையளவு கணிக்கப்படுகிறது. எனினும் மேற்குச் சரிவில் காற்று மேலெழுவதால் விளையும் மழை, பெரும்பாலும் உயரம் குறைந்த, உச்சி அவ்வளவாகக் குளிராத மேகங்களிலிருந்தே பெய்வதால், குளிர்ந்த உச்சியை அடையாளமாகக் கொள்ளும் கணிப்புகள் அதனைக் குறைத்தே மதிப்பிடுகின்றன. மேலும், எட்டியாந்தோட்டை, தெரணியகல போன்ற பகுதிகளில் 10 கிலோமீற்றர் சதுரம் ஒன்றினுள் பல தோட்டங்களும் பல பள்ளத்தாக்குகளும் அடங்கிவிடுகின்றன.

தோட்டத்து மழைமானி

இவ்விடைவெளியை நிரப்பக்கூடிய கருவி தோட்டங்களிலேயே நெடுங்காலமாக இருந்துவருகிறது. புனல் வழியே கலத்தில் சேரும் நீரைக் காலை வேளையில் அளந்து பதிவேட்டில் எழுதும் வழக்கம், தோட்டத்தின் அன்றாட நிர்வாகத்தின் ஒரு பகுதியாகும். மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால் வெளியேற்றம் என்னும் எல்லைகளைப் பின்பற்றுகிறது. ஆனால் மாலையில் தொடங்கிய மழை நள்ளிரவுக்குள் 150ஐத் தாண்டிவிட்டால், மறுநாட் காலை எழுதப்படும் அளவு அவ்விரவில் உறங்கியவர்களுக்கு உதவாது. அளவை இடைவிடாது அனுப்பும் தானியங்கி மழைமானிகள் மலைநாட்டில் நிறுவப்பட்டு வருவது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

சரிவை வெட்டிச் சமன்செய்த மேடைகளிலும் ஓடைக்கரைகளிலும் அமைந்த லயங்களில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தாம் குடியிருக்கும் இடத்தைத் தெரிவுசெய்யும் உரிமை இருந்ததில்லை. ஆதலால் கண்காணிப்பின் அடுத்த கட்டம், சூறாவளியின் வலிமையைக் கணிப்பதோடு நில்லாமல், தொலைவிலுள்ள தாழமுக்கம் இலங்கையின் மேற்குச் சரிவை நோக்கி ஈரக்காற்றை இழுப்பதைச் செய்மதியிலிருந்து முன்கூட்டியே அறிந்து, அதனைத் தோட்ட மழைமானியின் அளவோடு பொருத்தி, எந்தச் சரிவின் எந்த லயத்தவர் எப்போது வெளியேற வேண்டும் என்பதைத் தமிழில், இரவிலும், லயத்தின் வாசலுக்கே கொண்டுசேர்ப்பதாக அமைதல் வேண்டும். வெளியேறியோர் ஒதுங்கப் பாதுகாப்பான கட்டடமும், அபாயச் சரிவிலுள்ளோர் நிலையாகக் குடியேறக் காணியும் இன்றி அவ்வெச்சரிக்கை முழுமை பெறாது. அறுபதாண்டுச் செய்மதி அறிவியலின் பயன் சப்ரகமுவவைச் சென்றடைந்ததா என்பதை, அத்தோட்டங்களில் காக்கப்படும் உயிர்களைக் கொண்டே மதிப்பிட முடியும்.