எல்லைக்கோடும் குடும்ப அட்டையும்: பாகூர், வில்லியனூர் திருநங்கையர் குறித்து

பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எல்லை இன்றும் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் வயல்களூடே நெளிந்து செல்கிறது. 1954இல் நிருவாகம் கைமாறிய பின்னும், 1963இல் ஒன்றியப் பகுதி உருவான பின்னும் அது நேராகவில்லை. வரப்புக்கு அப்பால் தமிழ்நாடு. வறுமை ஒழிப்பில் திருநங்கையர் குரல் எதுவரை எட்டியது என ஆராய்வோர் இவ்வெல்லையைப் புறந்தள்ள இயலாது.

தமிழ்நாட்டில் 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. உதவித்தொகையைவிட, திருநங்கையரே அதில் உறுப்பினராக அமர்ந்தமை முதன்மையானது. நியாயவிலைப் பொருள் ‘குடும்பம்’ என்னும் அலகைக் கொண்டே பகிரப்படுகிறது. பிறந்த வீட்டினின்று விலக்கப்பட்டு, ஜமாத்தில் குரு, சேலா உறவில் வாழ்வோர்க்கு அவ்வலகில் இடமில்லை. அங்கு அவர்களுக்கு வழங்கப்பட்ட தனிக் குடும்ப அட்டை இக்குறையை ஓரளவு நீக்கியது. குறை எங்குள்ளது என்பதை அலுவலரைவிட அவர்களே நன்கறிவர்.

ஆனால் வாரியத்தின் அதிகாரம் மாநில எல்லையோடு நின்றது. சித்திரையில் கூவாகத்தைப் போலவே பிள்ளையார்குப்பத்துக் கூத்தாண்டவர் கோயிலிலும் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்கின்றனர். வழிபாட்டை இவ்வெல்லை தடுத்ததில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு புதுச்சேரி முழுவதிலும் 252 பேரையே ‘பிற’ பாலினத்தவராகப் பதிந்தது. பெரும்பாலும் வீட்டார் சொல்லக் கேட்டு எழுதிய கணக்கு அது; எனவே குறைவான எண் என்றே கொள்ள வேண்டும். தன்பால் ஈர்ப்பினர் அதில் இடம்பெறவே வழியில்லை.

2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தவரைச் சமூக, கல்வி நிலையில் பின்தங்கியோராகக் கருதுமாறு ஒன்றிய, மாநில அரசுகளைப் பணித்தது. அத்தீர்ப்பு எல்லையைக் கடந்து புதுச்சேரிக்கும் பொருந்தும். ஆயினும் ‘குடும்பம்’ என்னும் அலகை அது திருத்தி வரையவில்லை.