அளவைப் பெயர்களில் எண் ஒழுங்கு: எண்சுவடி முதல் பாடநூல் வரை

எண் வரிசையையும் வடிவ வரிசையையும் ஆக்கவும் தொடரவும் சிறுவர்க்குக் கற்பித்தல் அண்மைக்காலத்தில்தான் பாடத்திட்டத்தில் தனித் தலைப்பாக இடம்பெற்றது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தைத் தொடர்ந்து வெளிவந்த கணிதப் பாடநூல்கள் முதல் வகுப்பிலேயே இதற்கென ஓர் இயலை ஒதுக்கின. தலைப்பு புதிது; பயிற்சி பழையது. தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் அப்பயிற்சியின் பெரும்பகுதி எண்ணுப் பெயர்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது என்பது மொழியியலார் கருதத்தக்கது.

திண்ணைப் பள்ளி மாணவன் மணலில் எழுதியும் உரக்கச் சொல்லியும் பயின்ற கணக்கு நூல்களுள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து ஆகியன குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் பின்ன எண்களின் பெயரமைப்பு நுட்பமானது. ஒன்றில் 320இல் ஒரு பங்கு முந்திரி. அதனை இரட்டிக்க அரைக்காணி (1/160). மேலும் இரட்டிக்கக் காணி (1/80), அரைமா (1/40), மா (1/20), இருமா (1/10), நாலுமா (1/5) என வரிசை ஏறும். இதற்கு இணையாக மாகாணி (1/16), அரைக்கால் (1/8), கால், அரை, ஒன்று என மற்றொரு வரிசை செல்கிறது. இரண்டையும் இணைக்கும் கண்ணி மாகாணி என்னும் சொல்லே. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 1/20உடன் 1/80ஐக் கூட்டினால் 5/80, அதாவது 1/16. வீசம் என்னும் மறுபெயரில் இக்கணக்கு தெரிவதில்லை. மாகாணி எனும்போது சொல்லைப் பிரிப்பதே கணக்கைச் செய்வதாகிறது. முக்காணி, மும்மா என்பனவும் இத்தகையன.

வரிசையைக் கீழ்நோக்கித் தொடர்வதற்கும் மொழி வழி வகுத்திருந்தது. முந்திரியையே ஒன்றாகக் கொண்டு, 'கீழ்' என்னும் முன்னொட்டைச் சேர்த்துப் பழைய பெயர்களையே மீண்டும் வழங்கினர். முந்திரியில் பாதி கீழரை. முந்திரியில் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. பின்னது ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்காகும். புதுப்பெயர் ஒன்றும் கற்காமலே மாணவன் இவ்வளவு தொலைவு சென்றுவிடுகிறான்.

நெல்லின் முகத்தலளவை வேறொரு பாடத்தைத் தருகிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. இதுவரை கேட்ட சிறுவன் அடுத்ததும் இரட்டிப்பே என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் எட்டு நாழி ஒரு குறுணி. அதன்பின் இரட்டிப்பு மீள்கிறது: இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. இறுதியில் மூன்று தூணி ஒரு கலம் என வரிசை மீண்டும் முறிகிறது. ஆழாக்கால் எண்ணினால் 1, 2, 4, 8, 64, 128, 256, 768. 1, 2, 4, 8 என்பவற்றை மட்டும் தந்து அடுத்த எண் யாது என வினவும் இன்றைய பயிற்சி 16 என்னும் விடையையே எதிர்பார்க்கும். விதியை அறியாமல் தொடக்க உறுப்புகளைக் கொண்டே அடுத்ததைத் துணிய இயலாது என்பதை நெல்லளவை களத்துமேட்டிலேயே உணர்த்திவிடுகிறது.

இக்கல்வி வெறும் உருப்போடுதல் என்று இகழப்பட்டதுண்டு. அவ்விகழ்ச்சி முற்றிலும் பொய்யன்று. பொருளறியாது ஒப்பித்த பிள்ளைகளும் இருந்திருப்பர். ஆயினும் ஓசையோடு கூறப்படும் வரிசையில் ஓர் உறுப்பு தவறினால் செவியே அதனைக் காட்டிக்கொடுக்கும் என்பதை இகழ்ந்தோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சென்னை எழும்பூர் ஆண் அனாதைப் பிள்ளைகள் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்டுரு பெல், மணலில் எழுதும் வழக்கத்தை நாட்டுப் பள்ளி ஒன்றில் கண்டு தம் பள்ளியில் புகுத்தினார். அதுபற்றிய அவரது நூல் 1797இல் இலண்டனில் வெளிவந்தது. மணலெழுத்தும், மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையும் இவ்வாறு கடல் கடந்தன. மாகாணியும் முக்காணியும் கடக்கவில்லை.

பின்ன வாய்பாட்டின் வழக்கை இறுதியில் ஒடுக்கியது பள்ளியன்று, கடைத்தெரு. 16 அணா கொண்ட ரூபாயில் ஓர் அணா மாகாணிப் பங்கு. 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்ம நாணயம் நடைமுறைக்கு வந்தபோது அவ்வரிசைக்கு அன்றாடப் பயன் குன்றியது. 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் படியையும் மரக்காலையும் அவ்வாறே ஒதுக்கியது.

வடிவ ஒழுங்கின் பயிற்சி பள்ளிக்கு வெளியே, வாசலில் தொடர்ந்தது. 'ஏழு புள்ளி, ஒன்று வரை, நேர்ப்புள்ளி' என்னும் கோலக் குறிப்பு ஒரு முழு விதி. நடுவரிசையில் ஏழு, இருபுறமும் ஐந்து, மூன்று, ஒன்று. மொத்தம் 25 புள்ளி. 'ஐந்து புள்ளி, ஒன்று வரை, ஊடுபுள்ளி' என்றாலும் 25 புள்ளியே. ஆனால் வடிவம் வேறு. இக்கலையின் விதித்தன்மையைக் கண்ட கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் 1974இல் கோலத்தை அணி இலக்கணங்களால் விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர்.

இப்பாடப்பொருளுக்கு இன்று மூன்று நாட்டுத் தமிழ்ப் பாடநூல்கள் மூன்று சொற்களை ஆள்கின்றன. தமிழ்நாட்டில் அமைப்பு, இலங்கையில் கோலம், மலேசியாவில் தோரணி. அமைப்பு என்பது நிறுவனம், கட்டமைப்பு ஆகியவற்றையும் குறிப்பதால் நிலைத்து நிற்கும் ஒன்றையே நினைவூட்டுகிறது. தொடர்ந்து வளர்வது என்னும் குறிப்பு அதில் இல்லை. தோரணி, தோரணையோடு உறவுடையதாய் முறை, பாங்கு என்னும் பொருளைத் தருவது. எனினும் தமிழகச் சிறுவர்க்கு அது பழகாத சொல். இலங்கை வழக்கான 'எண் கோலம்' இம்மூன்றில் சிறந்தது எனலாம். கோலம் இடப்படுவது; புள்ளி கூட்டினால் பெரிதாவது; இழை தவறினால் கண்ணுக்குத் தெரிவது. இதற்கு ஏற்ற வினையைத் தெரிவதில் மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படுவதுண்டு. 'நீட்டுக' என்னும் ஏவல் கோட்டுக்குப் பொருந்தும், எண்ணுக்குப் பொருந்தாது. 'தொடர்க' என்பது எண்ணுக்குப் பொருந்தினும் நாற்புறமும் விரியும் வடிவத்திற்குப் போதாது. கோலத்தோடு வரும் 'பெரிதாக்குக' என்னும் வாசல் வழக்கைப் பாடநூல்கள் இன்னும் ஏற்கவில்லை.